பேருந்தில் எவரும் இல்லை, நன்றி

மனித வரலாற்றைச் சக்கரத்துக்கு முன், சக்கரத்துக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் பச்சைப் பொத்தானுக்கு முன், பச்சைப் பொத்தானுக்குப் பின் என்று ஒழுங்காகப் பிரித்திருக்கலாம். சக்கரம் மனிதனை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனது, அவ்வளவுதான். பச்சைப் பொத்தானோ அவன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமலேயே எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வழிசெய்தது.

இந்தப் பொத்தானை உலகுக்கு வழங்கியது எங்கள் பள்ளியின் 'மாணவர் போக்குவரத்துப் பாதுகாப்பு உயர்நிலைக் குழு'. ஒன்பது பேர் கொண்ட அந்தக் குழுவில் ஓட்டுநர்களின் பிரதிநிதி நான். ஏழாம் எண் பேருந்தை ஓட்டுகிறேன். கல் குவாரியில் ஜல்லி சுமந்து வளர்ந்த உடம்பு என்பதால் கழுத்து உறுதியானது. எத்தனை மணி நேரம் கூட்டம் நடந்தாலும் வலிக்காமல் ஆட்டுவேன். ஷெட்டில் எனக்குத் 'தலையாட்டி' என்று பெயர். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அதனால் கூட்டக் குறிப்பு எழுதுவது, தவறவிட்ட பொருட்கள் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது என்ற இரு பெரும் பொறுப்புகளையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பொத்தானின் வரலாறு சுருக்கமானது. ஆதியில் அது பேருந்தின் பின்கோடியில், கடைசி ஜன்னலுக்குக் கீழே இருந்தது. பிள்ளைகள் இறங்கியதும் ஓட்டுநர் எழுந்து, இரண்டு பக்கச் சீட்டுகளையும் பார்த்தபடி பின்னால் நடந்துபோய் அதை அமுக்க வேண்டும். அமுக்கும்வரை ஒரு மணி கத்திக்கொண்டே இருக்கும். அமுக்கியதும் ஒரு பெண் குரல், 'பேருந்தில் எவரும் இல்லை, நன்றி' என்று இனிமையாகச் சொல்லும். எந்தப் பிள்ளையாவது தூங்கிப்போயிருந்தால் நடக்கிற நடையில் கண்ணில் பட்டுவிடும் என்பது அந்தக் காலத்து மூடநம்பிக்கை.

ஓட்டுநர்கள் அறிவியல் மனப்பான்மை கொண்டவர்கள். மூன்றாம் நாளே ஒருவர் துடைப்பக் கட்டையின் நுனியில் பழைய செருப்பைக் கட்டி, பாதி வழியில் நின்றபடி பொத்தானை அமுக்கிக் காட்டினார். ஒரு மாதத்தில் என்னையும் சேர்த்து எல்லாரும் கட்டை வைத்திருந்தோம். ஐந்தாம் எண் ஓட்டுநர் மூன்று கட்டைகளை ஒன்றோடொன்று கட்டி, ஸ்டீயரிங்கை விட்டு எழாமலே அமுக்கினார். அந்தச் சாதனையில் இரண்டு ஜன்னல் கண்ணாடியும் ஒரு விளக்கும் உடைந்தன. உயர்நிலைக் குழு உடனே கூடியது.

"பிரச்சினையோட வேர் எங்க இருக்கு?" என்று கேட்டார் தலைவர். அவர் ஓர் அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் மேசை நாற்காலி வாங்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். இருக்கை சம்பந்தப்பட்ட எதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"கட்டைலதாங்க ஐயா இருக்கு."

"கட்டையை ஏன் தூக்கறாங்க?"

"பட்டன் தூரமா இருக்குங்க."

"அப்ப பட்டனைக் கிட்டக் கொண்டுவாங்களேன்!"

அறையில் இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். பெரிய கண்டுபிடிப்புகளின்போது அப்படித்தான் இருக்குமாம். பிறகு நான் தலையாட்டினேன். ஒரே வாரத்தில் பன்னிரண்டு பேருந்துகளிலும் பொத்தான் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. அதுவரை அறுபத்தொரு சதவீதமாகக் கிடந்த 'குழந்தைகள் சரிபார்ப்பு' அந்த மாதமே நூறைத் தொட்டது. அடுத்த மாதம் நூற்றிரண்டு. யாரோ சந்தோஷத்தில் இரண்டு தடவை அமுக்கியிருக்கிறார்கள்.

இந்தப் பொற்காலத்துக்கு ஒரே கரும்புள்ளி, என் அக்கா.

அக்கா பன்னிரண்டாம் எண் பேருந்தின் ஓட்டுநர். அதற்கு முன் எட்டு வருடம் குவாரியில் டிப்பர் லாரி ஓட்டியவள். குவாரியில் மரம் கிடையாது. மதியம் நிழல் வேண்டுமென்றால் லாரிக்கு அடியில்தான் போய்ப் படுக்க வேண்டும். அதனால் வண்டியை எடுக்குமுன் இறங்கிச் சுற்றிவந்து குனிந்து பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் அப்படிக் குனிந்தபோது பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு பாதங்கள் தெரிந்தன. பித்தவெடிப்பைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. எங்கள் அப்பா. காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். தூக்கம் கெட்ட கோபத்தில் அப்பா அவளுக்கு ஓர் அறை விட்டார். அந்த அறையோடு அவள் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை.

பொத்தான் பக்கத்திலேயே வந்த பிறகும் அக்கா எழுந்து பின்கோடிவரை நடந்தாள். ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் குனிந்தாள். திரும்பி வந்துதான் அமுக்கினாள். இத்தனைக்கும் அவள் பேருந்தில் தினமும் ஒரே ஆள்தான் அகப்படும். முன்பல் இரண்டும் விழுந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. பெயர் பொக்கை. வேகத்தடையில் எல்லாரையும்விட உயரமாக எம்பிக் குதிக்கலாம் என்று கடைசி சீட்டில்தான் உட்காருவாள். இரண்டு தடவை எம்புவதற்குள் தூங்கிவிடுவாள்.

"ஏய் பொக்கை, எழுந்திருடி. ஸ்கூல் வந்து எவ்வளவு நேரமாச்சு!"

"இன்னும் ஒரே ஒரு நிமிஷம் ஆன்ட்டி."

"ஒரு நிமிஷத்துல உனக்கென்ன பல்லா முளைக்கப்போவுது? எழுந்திரு!"

இந்தக் கூத்தினால் பன்னிரண்டாம் எண் பேருந்து தினமும் இரண்டு நிமிடம் தாமதம். குழுவில் இதற்கென்றே ஒரு வரைபடம் வைத்திருந்தோம். அதில் பதினோரு கோடுகள் சமர்த்தாகக் கீழே படுத்திருக்க, ஒரு கோடு மட்டும் எழுந்து நிற்கும்.

அப்போதுதான் 'சிறப்பு ஓட்டுநர் உரிமம்' வந்தது. எழுத்துத் தேர்விலும் ஓட்டுத் தேர்விலும் தேறியவர் மட்டுமே இனிப் பள்ளிப் பேருந்தைத் தொடலாம். தேறாதவர் அன்று மாலையே சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். அக்கா தன் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். குவாரியில் மாமாவுக்கு முதுகு போன நாளிலிருந்து அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்தச் சாவியால்தான்.

"மறுபடி கல்லு, தூசுன்னு என்னால போக முடியாதுடா. நெஞ்சு தாங்காது. எப்படியாவது என்னைப் பாஸ் பண்ண வெச்சுடு" என்றாள்.

குழு வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு நூற்றெண்பத்து நான்கு பக்கம். அதில் பிள்ளைகளைப் பற்றி இரண்டு பக்கமும் சேர்த்திருந்தோம். ஒரு வாரம், வேலை முடிந்ததும் அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து நான் கேள்வி கேட்டேன். அவள் பாத்திரம் துலக்கியபடியே பதில் சொன்னாள். பக்கத்து அறையில் படுத்திருந்த மாமா எங்கள் இருவரையும் கண்காணித்தார்.

"கேள்வி பதினேழு. சாலையின் குறுக்கே பந்து ஒன்று உருண்டு வருகிறது. ஓட்டுநர் செய்ய வேண்டியது என்ன?"

"பிரேக்."

"அப்படி ஒரு பதிலே இல்லக்கா. அ, ஒலி எழுப்ப வேண்டும். ஆ, பந்தின் வேகத்தைக் கணிக்க வேண்டும். இ, சூழ்நிலையை ஒட்டுமொத்தமாக மதிப்பிட வேண்டும்."

"பந்து வந்தா பின்னாலயே பிள்ளை ஓடி வரும்டா. பிரேக் அடி."

"இ-தான் சரி."

"நான் மதிப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பிள்ளை வந்துட்டா?"

"பிள்ளை முப்பத்தொன்பதாவது கேள்விலதான்க்கா வருது."

"அதுவரைக்கும் யாருடா அதைப் பிடிச்சு வெச்சிருப்பா? உங்க தலைவரா?" என்றது பக்கத்து அறை.

"மாமா, நீங்க சும்மா இருங்க. கேள்வி இருபத்திரண்டு. மாணவர் ஒருவர் தமக்கு வாந்தி வருவதாகத் தெரிவிக்கிறார்."

"வண்டியை ஓரங்கட்டிட்டு நெத்தியைப் பிடிச்சுக்குவேன்."

"தப்பு. படிவம் நாலைப் பூர்த்தி செஞ்சு மாணவர்கிட்ட கையெழுத்து வாங்கணும்."

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகிட்டயா?"

"கைநாட்டு வெக்கலாம்னு அடிக்குறிப்பு இருக்கு."

மாமா சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. அக்கா போய்த் தைலம் தேய்த்துவிட்டு வந்தாள். வந்ததும் நான் முக்கியமான கட்டத்துக்குப் போனேன்.

"இதைக் கவனமாக் கேளு. பேருந்தில் எவரும் இல்லை என்பதை எவ்வாறு உறுதிசெய்வீர்?"

"போய்ப் பார்ப்பேன்."

"அக்கா, பச்சைப் பட்டனை அமுக்கணும். ஓட்டுத் தேர்வுல இதுக்கு மட்டும் பத்து மார்க். அதை விட்டா ஃபெயில். அன்னிக்கு ஒரே ஒரு நாள் சீட்டை விட்டு எழுந்திரிக்காதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "நான் எங்கடா போறேன்? வண்டி நின்னதும் கால் அதுவா போகுது."

"கட்டிப்போட்டு அனுப்பு" என்றார் மாமா.

எழுத்துத் தேர்வில் நாற்பதுக்கு முப்பத்திரண்டு வாங்கிவிட்டாள். பந்துக் கேள்வியில் மட்டும் 'ஈ, பிரேக்' என்று தானே ஒரு விடையை எழுதிச் சேர்த்து அதற்கு டிக்கும் போட்டிருந்தாள்.

ஓட்டுத் தேர்வு ஒரு விடுமுறை நாளில் நடந்தது. அதற்கென்றே புதுப் பேருந்து ஒன்று வந்திருந்தது. குளிர்சாதனம், ஜன்னலுக்குத் திரை, பின்கோடியில் மெத்தென்று ஒரு நீள இருக்கை. ஆளுக்கு இருபது நிமிடம். தேர்வு அதிகாரி ஓட்டுநருக்குப் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவருடைய படிவத்தில் பின்பக்கத்துக்குக் கட்டம் கிடையாது.

தலைவர் எல்லாருக்கும் முன்னதாக, எட்டேகாலுக்கே வந்திருந்தார். 'காலை 8.30 முதல் 12.30 வரை பேருந்தினுள் இருந்து நேரடியாக மேற்பார்வையிட்டேன்' என்று நான் எழுதிவைத்திருந்த குறிப்பில் கையெழுத்துப் போட்டார். கையில் ஒரு கழுத்துத் தலையணை வைத்திருந்தார். அப்புறம் ஆளைக் காணோம். வழக்கம்போல் கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். ஒரு நேர்மையான மனிதரைத் தவறாக நினைத்துவிட்டோம்.

ஒருவர் பின் ஒருவராக ஓட்டினோம். மேட்டில் ஏற்றினோம், கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்தோம், நிறுத்தினோம், அமுக்கினோம். 'பேருந்தில் எவரும் இல்லை, நன்றி.' நான் பதினோராவது ஆள். பாதி வழியில் எனக்கு ஏதோ காதில் விழுந்தது.

"சார், பின் அச்சுல விட்டு விட்டு ஒரு உறுமல் கேக்குது. பேரிங் போயிருக்கும்."

அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "அட, ஆமா. மேட்டுல ஏறினா கூடுதே! இதுவரைக்கும் பத்துப் பேர் ஓட்டினாங்க, ஒருத்தருக்கும் இது தெரியலையே!" என்று இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டார். அந்த இரண்டில்தான் நான் முதலிடம் பெற்றேன்.

கடைசியாக அக்கா. என் முறை முடிந்துவிட்டதால் நேரக்கடிகாரத்தை என் கையில் கொடுத்து முன்சீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். அக்கா ஓட்டியதில் ஒரு குறை சொல்ல முடியாது. டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. பத்தொன்பது நிமிடத்தில் வந்து நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். கையைப் பொத்தானை நோக்கி நீட்டினாள். எனக்கு உயிர் வந்தது. நீட்டிய கை பாதியில் நின்றது. எழுந்துவிட்டாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் அதிகாரி.

"பின்னாலங்க."

"பட்டன் இங்க இருக்கே!"

"பட்டன் இங்க இருக்குங்க. சீட்டெல்லாம் அங்க இருக்கு."

"அக்கா, நேரம் ஓடுது. உக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஓடட்டும்டா. நான் நடந்தே போறேன்."

ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். பின்கோடிக்குப் போனவள் திரையை விலக்கினாள். ஒரு நிமிடம் இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு பொக்கையை எழுப்புகிற அதே குரலில் சொன்னாள்: "ஐயா, எழுந்திருங்க. ஸ்கூல் வந்துருச்சு."

கழுத்துத் தலையணையோடு தலைவர் எழுந்து உட்கார்ந்தார். கண் திறக்கவில்லை. "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்றார்.

பின் அச்சின் உறுமல் அந்த நொடியே சரியாகிவிட்டது.

மாலையில் குழு அவசரமாகக் கூடியது. விவகாரம் சிக்கலானது. பேருந்தில் எவரும் இல்லை என்று பொத்தானின் எந்திரம் பதினோரு முறை பதிவு செய்திருக்கிறது. நான்கு மணி நேரமும் பேருந்தில் இருந்ததாகத் தலைவர் கையெழுத்திட்டிருக்கிறார். இரண்டும் அலுவல் ஆவணங்கள். இரண்டையும் சந்தேகிக்கக் கூடாது.

"ஐயா உள்ள இருந்தது உண்மைன்னா பதினோரு பேரும் ஃபெயில். நாளைக்கு ஒரு பஸ்ஸும் ஓடாது" என்றார் ஓர் உறுப்பினர்.

"பதினோரு பேரும் பாஸ்னா ஐயா உள்ள இல்லை" என்றார் இன்னொருவர்.

தலைவர் கண்ணை மூடிச் சிந்தித்தார். நாங்கள் சற்றுக் கவலையோடு பார்த்தோம். நல்லவேளை, திறந்துவிட்டார். "நான் இருந்தேன். ஆனா மாணவனா இல்லையே? பட்டன் மாணவர்களுக்குத்தானே? அது சொன்னது சரி. நான் சொன்னதும் சரி."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு அக்காவின் தேர்வுத்தாள் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டு நிமிடம் பத்து வினாடி தாமதம். பொத்தானை அமுக்காமல் இருக்கையை விட்டு எழுந்ததற்குப் பத்துக்குப் பூஜ்யம். 'மேற்பார்வைக்கு இடையூறு விளைவித்தல்' என்று தனியாக ஒரு குற்றம். தோல்வி. ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

"ஓட்டுநர்கள் தரப்புல ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் ஓட்டுநர்கள் தரப்பில் தலையாட்டினேன்.

அன்றே இன்னொரு தொலைநோக்குத் தீர்மானமும் நிறைவேறியது. தூக்கத்துக்குக் காரணம் கடைசி சீட். ஆகவே எல்லாப் பேருந்துகளிலும் கடைசி சீட்டைக் கழற்றிவிட வேண்டும்.

"அப்ப அதுக்கு முன்னாடி இருக்கற சீட்டு கடைசி சீட்டாயிடுமேங்க ஐயா?" என்று ஒருவர் கேட்டார்.

"அதை அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம்."

ஷெட் அறையில் அக்கா கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி என் மேசைமேல் வைத்தாள். கயிறு கழுத்தில் ஒரு கோடு போட்டிருந்தது.

"கூட்டத்துல நீ என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"தலையாட்டினியா?"

"லேசா."

"பார்த்துடா. சுளுக்கிக்கப்போவுது."

அவளைக் குவாரிக்குப் போகவிடாமல் ஷெட்டிலேயே பேருந்து பெருக்கும் வேலையில் சேர்த்துவிட்டேன். இதில் என் பங்கை நானே சொல்லிக்கொள்வது நாகரிகமில்லை. பன்னிரண்டாம் எண் பேருந்து ஓரமாக நின்றது. அதன் பிள்ளைகளை மற்ற பதினோரு பேருந்துகளில் பிரித்து ஏற்றினோம். எனக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி பொக்கை.

"அங்கிள், இதுல கடைசி சீட் எங்க?"

"எடுத்தாச்சும்மா. பாதுகாப்புக்காக."

பொக்கை பேருந்தை ஒருமுறை நோட்டம்விட்டாள். நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தாள். "இப்ப இதுதான் கடைசி" என்றாள். அடுத்த கூட்டத்தில் குழு ஆராய வேண்டியதை அவள் அங்கேயே முடித்துக்கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை. அன்று குழுவின் ஆண்டு விழா அழைப்பிதழுக்கு வாசகம் எழுத வேண்டியிருந்ததால் நான் அவசரத்தில் இருந்தேன். பள்ளி வாசலில் பிள்ளைகள் மூட்டை அவிழ்ந்த மாதிரி கொட்டி இறங்கினார்கள். அமுக்கினேன். 'பேருந்தில் எவரும் இல்லை, நன்றி.' ஷெட்டுக்கு வந்தேன். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தினேன். வெயில் அப்போதே தகரத்தைச் சுட ஆரம்பித்திருந்தது. அறைக்குப் போய், 'நூறு சதவீதப் பாதுகாப்பின் ஓராண்டு' என்று தலைப்பை எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அக்காவுக்கு உத்தரவில்லாத ஒரு வேலை உண்டு. துடைப்பத்தைத் தொடுமுன் எல்லாப் பேருந்திலும் ஒருமுறை ஏறி, கடைசிவரை நடந்து, இறங்குவாள். அன்று ஏழாவதில் ஏறியவள் இறங்கும்போது இடுப்பில் பொக்கை இருந்தாள். தலைமயிர் வியர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு கன்னத்தில் சீட் உறையின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, தவறவிட்ட பொருட்கள் பதிவேட்டை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"எழுது."

"அக்கா..."

"நீதானே அழகா எழுதுவே? எழுதுடா."

எழுதினேன். பொருள்: பெண் குழந்தை, ஒன்று. நிறம் என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் நிமிர்ந்தேன்.

"சிவந்துபோய்க் கிடக்கு பாரு. அதைப் போடு."

கிடைத்த இடம்: ஏழாம் எண் பேருந்து, தற்போதைய கடைசி சீட். தவறவிட்டவர்: ஏழாம் எண் ஓட்டுநர், தேர்வில் முதலிடம். கண்டெடுத்தவர்: ஷெட் பெருக்குபவர், தேர்வில் தோல்வி. என் வாழ்நாளில் முதன்முறையாக எழுத்து கோணலாக வந்தது. தலைவர் அறைக்குக் கையெழுத்துக்கு அனுப்பினேன். அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். அதையும் அப்படியே போட்டு அனுப்பினார்.

அக்கா போன் செய்த அரை மணியில் பொக்கையின் அம்மா வந்துவிட்டாள். தையற்கூடத்தில் வேலை. கழுத்தில் அளவுநாடாவோடு ஓடி வந்திருந்தாள். தலைவரும் எந்திரத்தின் பதிவுத்தாளோடு ஷெட்டுக்கு வந்தார்.

"பதட்டப்படாதீங்கம்மா. எங்க பதிவுப்படி உங்க பொண்ணு பஸ்லயே இல்லை."

"அப்ப இது யாரு?" என்றாள் அந்த அம்மா, பொக்கையைத் தூக்கிக் காட்டி.

தலைவர் பொக்கையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார். அதற்குள் அந்த அம்மா மேசைமேல் கிடந்த பதிவேட்டைப் படித்துவிட்டாள். படித்ததும் கொஞ்சம் அமைதியானாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இதுல தேர்வுல தோத்தவங்கன்னு போட்டிருக்கே, அவங்க எந்த பஸ்ஸை ஓட்டறாங்க? நாளையிலிருந்து அதுலதான் ஏத்திவிடுவேன்."

"அவங்க ஓட்டறதில்லைம்மா. ஃபெயில்."

"எதுல ஃபெயில்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இல்லை.

"பின்னால நடந்துபோய் யாராவது இருக்காங்களான்னு பார்த்தாங்கம்மா. அதுல."

அந்த அம்மா பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை பதினோரு பேருந்துகளும் நிறுத்தம் நிறுத்தமாக நின்று பார்த்தன. ஒரு பிள்ளையும் ஏறவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அம்மாக்கள் கைகட்டி நின்றார்கள். அன்றுதான் பொத்தான் சொன்னது முழுக்க முழுக்க உண்மையாக இருந்தது.

குழு மூன்று நாள் தொடர்ந்து உட்கார்ந்தது. அக்கா செய்தது சரி என்றால் விதி தப்பு. விதி தப்பு என்றால் குழு தப்பு. அப்படி ஆக முடியாது என்பதால் ஒரு மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் அக்காவின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வண்டி நின்னா என்னம்மா பண்ணுது?"

"கால் அதுவா பின்னால போகுதுங்க."

"எத்தனை வருஷமா?"

"எங்கப்பா அறைஞ்சதுலேர்ந்து."

'பின்சென்று பார்க்கும் கட்டுப்பாடற்ற பழக்கக் கோளாறு' என்று சான்றிதழ் தரப்பட்டது. உடற்கோளாறு உள்ளவர்களிடம் கருணை காட்ட வேண்டும் என்று கையேட்டின் நூற்று எழுபதாம் பக்கம் சொல்கிறது. ஆகவே ஆறு மாத நிபந்தனையைத் தளர்த்தி, தேர்வில் அவளுக்கு மட்டும் இருக்கையை விட்டு எழ அனுமதியும் மூன்று நிமிடம் கூடுதலாகவும் வழங்கினோம். அக்கா தேறினாள். சாவி கயிற்றோடு கழுத்துக்குத் திரும்பியது. பன்னிரண்டாம் எண் பேருந்தில் இப்போது உட்கார இடமில்லை. வரைபடத்தில் அந்த ஒற்றைக் கோடு மறுபடி எழுந்து நிற்கிறது. பக்கத்தில் 'நோயாளி' என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறோம்.

நோய் பரவக்கூடியதோ என்ற சந்தேகத்தில் எங்கள் பதினோரு பேரையும் மருத்துவர் சோதித்தார். சென்ற வாரம் எனக்கு லேசான அறிகுறி தென்பட்டதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டியை நிறுத்தியதும் கால் தானாக எழுந்து மூன்றாவது சீட்வரை போய்விட்டது. யாரும் பார்க்குமுன் சமாளித்துத் திரும்பி வந்து அமுக்கிவிட்டேன். சோதனையின்போது இதை நான் சொல்லவில்லை.

ஆகவே பெற்றோர்களே, எங்கள் பதினோரு பேருக்கும் அந்தக் கோளாறு அறவே கிடையாது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுப் பேருந்திலேயே மாட்டியிருக்கிறோம். தைரியமாக உங்கள் பிள்ளைகளை ஏற்றிவிடலாம்.